வலியே இல்லாத முழங்கைக்கு ஆபரேஷனா?

பிள்ளைகளின் பழைய முழங்கைக் காயங்களைப் பற்றிச் சேர்ந்துபோயிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். முதல் பதில் நீளமாகத்தான் இருக்கும். மற்ற பதில்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. 8 மாதத்துக்கு முன் விளையாடும்போது விழுந்து முன்கை எலும்பு உடைந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், எலும்பு கூடிவிட்டது என்று பிரித்தும் விட்டார்கள். இப்போது முழங்கை மடிப்பில் ஏதோ புடைத்துக்கொண்டு நிற்கிறது, கையை முழுதாக மடக்க வரவில்லை. வலி கிடையாது. எழுதுகிறான், பந்து எறிகிறான். வேறொரு டாக்டரிடம் காட்டினால், மூட்டு அன்றைக்கே விலகியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை, இப்போது நன்றாக இருக்கும் எலும்பை வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும் என்கிறார். வலியே இல்லாத பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா டாக்டர்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இந்தக் காயம் ஏமாற்றுவதில் பேர்போனது, 200 வருடத்துக்கும் மேலாக டாக்டர்களை ஏமாற்றி வருகிறது. முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன அல்லவா, சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ் என்று? இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, நடுவில் ஒரு சவ்வு இரண்டையும் நெடுகச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. அல்னா உடைந்து வளைந்துபோனால் அதன் நீளம் குறைகிறது. உடையாத ரேடியஸ் பழைய நீளத்திலேயே இருக்கிறது. அப்போது அது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? மேல்முனையில், முழங்கை மூட்டிலிருந்து நழுவி வெளியே வந்துவிடுகிறது. உங்கள் மகனின் முழங்கை மடிப்பில் நீங்கள் தடவிப் பார்க்கும் புடைப்பு பெரும்பாலும் ரேடியஸின் தலைதான். கை முழுதாக மடங்காமல் இடிப்பதும் அதனால்தான்.

இதற்கு மாண்டெஜியா காயம் என்று பெயர். மிலான் நகரத்து அறுவை மருத்துவர் ஜியோவன்னி பத்திஸ்தா மாண்டெஜியா 1814ல் எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்தது 1895ல், ஆக அவர் கையால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்தவர். அவரும் ஒரு சிறுமிக்கு வெறும் அல்னா முறிவு என்று நினைத்துக் கட்டுப்போட்டு, சுமார் ஒரு மாதம் கழித்து வீக்கம் வற்றிய பிறகுதான் ரேடியஸ் தலை துள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். பிறகு 1967ல் உருகுவே நாட்டு எலும்பு மருத்துவர் பாடோ இதை நான்கு வகையாகப் பிரித்தார். ரேடியஸ் தலை முன்பக்கமாக நழுவும் முதல் வகைதான் பிள்ளைகளிடம் அதிகம். உங்கள் மகனுடையதும் அதுவாகத்தான் தெரிகிறது.

சரி, எக்ஸ்ரே இருக்கும் காலத்திலும் எப்படித் தப்புகிறது? உடைந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரிவதால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. முன்கையை மட்டும் எடுத்த படத்தில் முழங்கை ஓரத்தில் சாய்வாக, அரைகுறையாக விழுந்திருக்கும். அப்புறம், சின்னக் குழந்தையின் முழங்கையில் பாதிக்கு மேல் குருத்தெலும்பு, அது எக்ஸ்ரேயில் விழாது. ரேடியஸ் தலையில் குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் புள்ளி தோன்றுவதே ஏறக்குறைய 5 வயதில். அதற்கு முன் தலை எங்கே இருக்கிறது என்பதை அதற்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியின் போக்கை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ரேடியஸின் கழுத்து வழியாக ஒரு கோடு போட்டால், எந்தக் கோணத்தில் எடுத்த படமானாலும் அது மேற்கை எலும்பின் நுனியில் உள்ள உருண்டையான பகுதியைத் தொட்டுச் செல்ல வேண்டும். தொடவில்லை என்றால் மூட்டு விலகியிருக்கிறது. இன்னொன்று, பக்கவாட்டுப் படத்தில் அல்னாவின் பின் விளிம்பில் ஸ்கேலை வைத்தால் நேராக இருக்க வேண்டும். பிள்ளைகளின் எலும்பு சில சமயம் உடையாமல் வளைய மட்டும் செய்யும். முறிவு எதுவும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வருகிற பிள்ளைகளில் சிலர் இந்த ரகம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த வயதில் வலிக்காது, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரேடியஸ் தலையின் நுனி ஒரு ஆழமில்லாத கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். எதிரே உள்ள உருண்டை அதில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருப்பதால்தான் அந்தக் குழிவு வளர வளர நிலைக்கிறது. எதிரே ஒன்றும் இல்லாவிட்டால் குழிவு நிரம்பி, தட்டையாகி, கடைசியில் மேடாகிவிடுகிறது. தடுக்க ஆள் இல்லாத ரேடியஸ் கொஞ்சம் அதிக நீளமாகவும் வளரும். அப்படியே வருடங்கள் போனால் முழங்கை வெளிப்பக்கமாகக் கோணலாகும், மடக்குவதும் உள்ளங்கையைத் திருப்புவதும் குறையும், வளர்ந்த பிறகு வலி வரலாம், நரம்பு அழுந்தலாம். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். விலகிய மூட்டோடு பல வருடம் வேலை செய்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் எல்லாப் பழைய விலகலையும் திறக்க வேண்டுமா என்று எலும்பு மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. ஆனால் 7 வயது, 8 மாதம் என்று நீங்கள் சொல்லும் கணக்கில் வாதத்துக்குப் பெரிதாக இடம் இல்லை. தலையின் குழிவு இன்னும் இருந்தால் செய்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பொதுவாக 12 வயதுக்குள், அல்லது காயம்பட்டு 3 வருடத்துக்குள் செய்தவர்களுக்குப் பலன் நன்றாக இருக்கிறது. இந்த எண்களை விட முக்கியம் ரேடியஸ் தலையின் வடிவம். அது மேடாகிப்போயிருந்தால் மூட்டில் கொண்டுபோய் வைத்தாலும் உட்காராது, கை இன்னும் இறுகிவிடும். குருத்தெலும்பின் வடிவம் எம்.ஆர்.ஐ.யில் தெரியும், எடுக்காமல் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். இரண்டு முழங்கைக்கும், மணிக்கட்டு வரை முன்கைக்கும் எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும்.

நன்றாக இருக்கும் எலும்பை ஏன் வெட்ட வேண்டும் என்றால், அது நன்றாக இல்லை. வளைந்தபடி, குட்டையாகக் கூடியிருக்கிறது. ரேடியஸை வெளியே தள்ளியதே அந்த வளைவுதான், அது இருக்கும் வரை ரேடியஸை எத்தனை முறை உள்ளே வைத்தாலும் திரும்ப வெளியே வரும். அதனால் முழங்கையின் வெளிப்பக்கம் கீறி, மூட்டு இருந்த இடத்தில் நிரம்பிப்போன தழும்புத் திசுவை முதலில் எடுத்துவிடுகிறார்கள். பிறகு அல்னாவை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, ரேடியஸ் எந்தப் பக்கம் நழுவியதோ அதற்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுக் கூடுதலாகவே வளைத்து, தேவைப்பட்டால் சில மில்லிமீட்டர் நீட்டி வைக்கிறார்கள். படத்தில் பார்த்தால் அல்னா கோணலாகத் தெரியும், பெற்றோர் பதறுவார்கள், அது வேண்டுமென்றே வைத்த கோணல். நடுவில் உள்ள சவ்வு இழுபட்டு ரேடியஸைத் தன் இடத்தில் பிடித்துக்கொள்கிறது. கையை மடக்கி நீட்டி, திருப்பிப் பார்த்து, எந்த நிலையிலும் நழுவவில்லை என்று அங்கேயே எக்ஸ்ரேயில் உறுதி செய்த பிறகு பிளேட், ஸ்க்ரூ போடுவார்கள்.

ரேடியஸின் கழுத்தைச் சுற்றி வளையமாக ஒரு தசைநார் உண்டு, அது கிழிந்திருக்கும். பெல் டாஸ் என்பவர் 1965ல், மேற்கையின் பின்புறத் தசையின் நாரிலிருந்து ஒரு பட்டையை உரித்து வளையத்தைப் புதிதாகச் செய்யும் முறையை விவரித்தார், இன்றும் பலர் செய்கிறார்கள். அல்னாவைச் சரியாகத் திருத்திவிட்டால் புது வளையம் தேவையில்லை என்பவர்களும் உண்டு. எலும்பின் வளைவைத் தொடாமல் வளையத்தை மட்டும் செய்வது வீண் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எலும்பு சரியாக வந்த பிறகும் தலை லேசாக ஆடினால் வளையம் செய்யலாம், ஆடாவிட்டால் சும்மா விடலாம். வருடக்கணக்கில் பழசாகி, ரேடியஸ் மேலே ஏறிப்போன கைகளில் ஒரே நாளில் நீட்டினால் நரம்பும் ரத்தக்குழாயும் தாங்காது. அங்கே வெளியே சட்டம் மாட்டி, அல்னாவை வெட்டி, சில நாள் விட்டு, நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் நீட்டுவார்கள். உங்கள் மகனுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். விரல்களையும் கட்டைவிரலையும் மேலே தூக்கும் நரம்பு ரேடியஸ் கழுத்தை ஒட்டியே போகிறது, சில சமயம் தழும்பில் ஒட்டிக்கொண்டும் இருக்கும். அது இழுபட்டால் விரல்கள் சில மாதம் தொங்கலாம், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். மூட்டு மறுபடி நழுவலாம். வெட்டிய எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகலாம். உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்புவதில் கொஞ்சம் குறையலாம். இவை எல்லாவற்றையும் விட அவசரமானது ஒன்று. ஆபரேஷன் முடிந்த முதல் ஓரிரு நாளில் மருந்துக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்களை நீங்கள் நீட்டிவிடும்போது பிள்ளை துடித்தாலோ, விரல் மரத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். கட்டுக்குள் தசை வீங்கி ரத்த ஓட்டம் நின்றுபோனால் சில மணி நேரத்தில் அந்தத் தசை செத்துவிடும்.

மாவுக்கட்டு 4 முதல் 6 வாரம். முழு அசைவும் கிடைக்குமா என்று கேட்பீர்கள். 1981ல் எலும்பு மருத்துவர் மோரேயும் அவருடைய குழுவும் அளந்து பார்த்ததில், அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முழங்கை 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை மடங்கினால் போதும், உள்ளங்கை இரண்டு பக்கமும் 50 டிகிரி திரும்பினால் போதும் என்று தெரிந்தது. அந்த அளவு அசைவு வந்து, மூட்டும் நழுவாமல் இருந்தால் அது நல்ல பலன்.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. கீழே விழுந்ததற்கு எடுத்த எக்ஸ்ரேயில் ரேடியஸ் தலை பழைய விலகல் என்று வந்தது. ஆனால் முன்பு அடிபட்டதாக எங்களுக்கு ஞாபகமே இல்லை. இதற்கும் இதே ஆபரேஷன்தானா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் மற்றக் கையையும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பிறவியிலேயே ரேடியஸ் தலை விலகியிருக்கும் பிள்ளைகள் உண்டு, பலருக்கு இரண்டு கையிலும் இருக்கும். அவர்களிடம் தலை மேடாக இருக்கும், எதிரே உள்ள உருண்டை சரியாக வளர்ந்திருக்காது, அல்னாவில் பழைய முறிவின் அடையாளம் இருக்காது. அதை மூட்டில் வைக்க முயன்றால் பெரும்பாலும் தோல்விதான். வலியும் தடையும் இல்லாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது. வளர்ந்து முடிந்த பிறகு வலித்தால் தலையை மட்டும் வெட்டி எடுக்கலாம். வளரும் பிள்ளைக்கு அதைச் செய்யவே கூடாது, மணிக்கட்டும் முழங்கையும் இரண்டுமே கெட்டுப்போகும்.

கேள்வி: என் அண்ணன் மகன், 11 வயது. முழங்கை மூட்டு முழுசாக விலகி 4 மாதம் ஆகிறது. முதலில் சுளுக்கு என்று நினைத்து நீவிவிட்டோம், இழுத்தும் பார்த்தார்கள். இப்போது கை கிட்டத்தட்ட நேராகவே விறைத்து நிற்கிறது, சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மயக்க மருந்து கொடுத்து இழுத்து வைத்துவிட முடியாதா?

பதில்: முடியாது, முயலவும் கூடாது. மூட்டு விலகி ஏறக்குறைய 3 வாரம் தாண்டினாலே அதைப் பழைய விலகல் என்று கணக்கில் எடுக்கிறோம். காரணம், அதற்குள் மூட்டின் குழிகளெல்லாம் தழும்புத் திசுவால் நிரம்பிவிடுகின்றன, பின்புறத் தசை சுருங்கிவிடுகிறது, பக்கவாட்டுத் தசைநார்கள் இறுகிவிடுகின்றன. 4 மாதத்தில் வெளியிலிருந்து பலமாக இழுத்தால் மூட்டு உள்ளே போவதற்குப் பதிலாக எலும்போ, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டோ உடையும். இத்தனை நாள் சும்மா இருந்ததால் எலும்பு மெலிந்தும் போயிருக்கும்.

திறந்துதான் சரிசெய்ய வேண்டும், முதல் கேள்வியில் சொன்னதை விடப் பெரிய வேலை இது. பின்பக்கமாகக் கீறி, சுண்டுவிரலுக்குப் போகும் அல்னார் நரம்பை முதலில் தேடி எடுத்துப் பத்திரமாக ஒதுக்கி வைக்கிறார்கள். பல சமயம் அதைக் கடைசியில் முன்பக்கத்துக்கே இடம் மாற்றிவிடுவார்கள், ஏனென்றால் மாதக்கணக்கில் மடங்காத கை திடீரென்று மடங்கும்போது பின்னால் இருக்கும் நரம்பு இழுபடும். அப்புறம் குழிகளை நிரப்பிய தழும்பை, குருத்தெலும்பைச் சுரண்டிவிடாமல் எடுக்க வேண்டும். பொறுமை இங்கேதான் தேவை. பின்புறத் தசை ரொம்பச் சுருங்கியிருந்தால் அதன் நாரை வி வடிவத்தில் வெட்டி ஒய் வடிவத்தில் தைத்து நீட்டுவார்கள். அப்படி நீட்டினால் கையை நீட்டும் பலம் கொஞ்சம் குறையும், அதனால் தேவையில்லாமல் செய்வதில்லை. மூட்டு தானாக நிற்காவிட்டால் ஒரு கம்பி போட்டு 2, 3 வாரம் பிடித்து வைத்து, பிறகு உருவிவிட்டு உடனே அசைக்க ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், படத்தில் முழங்கையின் உட்பக்கத்தைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் முழங்கை விலகல்கள் பலவற்றில் உட்பக்கத்து எலும்பு முனையும் பெயர்ந்துவிடுகிறது, சில சமயம் அந்தத் துண்டு மூட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. 11 வயதுப் பையனுக்கு அந்த முனை இருக்க வேண்டிய இடத்தில் தெரியவில்லை என்றால் அது எங்கே போனது என்று தேடித்தான் ஆக வேண்டும்.

முழு அசைவு திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். நேராக விறைத்த கையிலிருந்து வாயைத் தொடுகிற கைக்கு வருவதுதான் இங்கே இலக்கு, பெரும்பாலான பிள்ளைகளிடம் அது நடக்கிறது. நீவிவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். காயம்பட்ட முழங்கையைச் சுற்றி அழுத்தித் தேய்த்தால் தசைக்குள் புது எலும்பு விளைய வாய்ப்பு கூடுகிறது.

கேள்வி: என் மகன் 2 வருடத்துக்கு முன், 7 வயதில், முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முறிந்து கட்டுப்போட்டான். அது இன்னும் கூடவில்லை என்கிறார்கள். கை கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? வளர வளரத் தானாக நேராகாதா?

பதில்: நேராகாது. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் 80 சதவீதம் தோள்பட்டைப் பக்கம் நடக்கிறது, முழங்கைப் பக்கம் 20 சதவீதம்தான். தோள் பக்கத்துக் கோணல்களை வளர்ச்சி தானே திருத்திக்கொள்ளும், முழங்கைப் பக்கத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இந்த முறிவு கூடாமல் போவதற்கு மூட்டு நீர் முறிவுக்குள்ளேயே போய்வருவதும், முன்கைத் தசைகள் அந்தத் துண்டை இழுத்துக்கொண்டே இருப்பதும் காரணம். விட்டால் துண்டு மெல்ல மேலே நகரும், கோணல் கூடும், பல வருடம் கழித்து, சிலருக்கு நடுவயதில்கூட, அல்னார் நரம்பு தேய்ந்து சுண்டுவிரல் மரத்து, கைப்பிடி பலம் குறையும். சிறு வயதில் அடிபட்ட கை என்பதே மறந்துபோன காலத்தில் அது வரும்.

துண்டு அதிகம் நகராமல் இருந்தால் இப்போதே, இருக்கும் இடத்திலேயே ஸ்க்ரூ போட்டு, எலும்புத் துகள் வைத்துக் கூடவைத்துவிடலாம். அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று சுற்றியுள்ள தசையை எல்லாம் உரித்தெடுக்கும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள், அந்தத் துண்டுக்கு ரத்தம் பின்பக்கத் திசு வழியாகத்தான் வருகிறது, உரித்தால் துண்டு செத்துவிடும். மூட்டின் மேற்பரப்பு படத்தில் கொஞ்சம் படியாகத் தெரிந்தாலும், உயிரோடு கூடிய எலும்பு மேல். கோணல் அதிகமாக இருந்தால் அதற்கு மேலே எலும்பை வெட்டி நேராக்குவது தனி வேலை, சேர்த்தும் செய்யலாம், பிறகும் செய்யலாம். சுண்டுவிரலில் இப்போதே மதமதப்பு இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து கட்டு பிரித்த பிறகு பிசியோதெரபியில் பிள்ளை அழ அழ மடக்குகிறார்கள். அழுதாலும் விடக்கூடாதா?

பதில்: விட வேண்டும். பிள்ளையின் முழங்கை தானாக அசைந்துதான் திரும்பி வரும், பிறர் பலத்தால் வராது. தானே மடக்கி நீட்டட்டும், விளையாட்டாகச் செய்யட்டும். பலவந்தமாக மடக்கினால் உள்ளே ரத்தம் கசிந்து, வீங்கி, இன்னும் இறுகும். பெரியவர்களை விடப் பிள்ளைகளுக்கு அசைவு மெதுவாக, ஆனால் நீண்ட நாள் கூடிக்கொண்டே போகும். ஒரு வருடம் வரைகூடச் சில டிகிரிகள் கிடைப்பதுண்டு. முதல் மாதத்து அளவைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

கேள்வி: போட்ட பிளேட்டை எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறோம், அல்னா தோலுக்கு நேர் கீழே இருப்பதால் மேஜையில் கையை ஊன்றும்போது உறுத்தும். ஆனால் வெட்டிய இடம் முழுதாகக் கூடியதை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகுதான், பொதுவாகப் பல மாதம் கழித்து. எடுத்த பிறகு ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் நிரம்பும் வரை சில வாரம் தள்ளுமுள்ளு விளையாட்டுகள் வேண்டாம். அதன் பிறகும் வருடம் ஒரு முறை, வளர்ச்சி நிற்கும் வரை, படம் எடுத்து, முதல் பதிலில் சொன்ன ரேடியஸ் கழுத்துக் கோடு உருண்டையைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் சரியாக உட்கார்ந்த தலை வளர்ச்சியின்போது லேசாக நழுவுவது உண்டு.